வரிச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

(அரியாங்குப்பத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியம் பேசுவார்கள், இல்லையென்றால் வரலாறு பேசுவார்கள். இந்த ஊரில் இரண்டாவதற்குப் பஞ்சமே இல்லை. அரிக்கமேடு நம் கொம்யூன் எல்லைக்குள் இருக்கிறது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியதைப் பற்றி மட்டும் ஆண்டுக்கு ஒருவர் பேசினாலும் விஷயம் தீராது. நான் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டு வரி. தலைப்பைக் கேட்டதும் சிலர் முகம் சுளித்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். சுளிக்கட்டும். இந்த அவையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர்கள். வீடு வாங்கும்போது பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்கிறோம். அதே வீட்டின் பேரில் ஆண்டுதோறும் வரும் வரிச்சீட்டில் தொகையை மட்டும் பார்க்கிறோம். ஏறியிருந்தால் திட்டுகிறோம், ஏறாவிட்டால் பேசாமல் கட்டுகிறோம். மற்றபடி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

அதைப் படிப்பதற்கு முன் அந்தச் சீட்டை அனுப்புவது யார் என்று பார்த்துவிடுவோம். அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து. 'கொம்யூன்' என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரோடு அவர்கள் விட்டுப்போன ஏற்பாட்டைத்தான் மறந்துவிட்டோம். 1880 மார்ச் மாதத்து ஆணை ஒன்றின் வழியாக இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகள் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், ஒரு மேயர், சொந்த வரவு செலவு. பிறகு 1907இல் கொம்யூன்கள் பதினேழாயின; புதுச்சேரிப் பகுதியில் எட்டு; அவற்றுள் அரியாங்குப்பம் ஒன்று. அந்தத் தேர்தல்களை நான் பொற்காலமாக்கிக் காட்டப் போவதில்லை. வாக்காளர் பட்டியலே ஆளைப் பார்த்து இரண்டாக, மூன்றாகப் பிரிந்து கிடந்த காலம் உண்டு. அடியாள் பலத்தால் பெட்டி நிரம்பிய காலமும் உண்டு. ஆனாலும் வரி போடுகிறவரை வரி கட்டுகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு தாளிலாவது இருந்தது. அந்த மன்றங்களுக்கு எடை இருந்ததால்தான், 1954 மார்ச் 18ஆம் நாள் புதுச்சேரியும் அதைச் சுற்றிய ஏழு கொம்யூன்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது பாரிஸ் வரை அது கேட்டது.

விடுதலைக்குப் பின் 1973இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன: ஒன்று நகராட்சிகளுக்கு, மற்றொன்று கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஐந்து நகராட்சிகளும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. தேர்தல்? 1968இல் ஒன்று நடந்தது. அடுத்தது 2006இல். நடுவே 38 ஆண்டுகள். 2006இல் வந்தவர்களின் ஐந்தாண்டு 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் நாளெல்லாம் அறிவித்து, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் அது நின்றுபோனது. காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. இங்கே மன்றம் இல்லை, ஆணையர் இருக்கிறார். வரி மட்டும் ஒரு வருஷமும் நிற்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வீட்டு வரியும் மன்றமும் இரட்டைப் பிள்ளைகள். வடக்கே சென்னையைப் பாருங்கள். 1686இல், இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகருக்கு மதில் கட்டுவதற்காக வீட்டு வரி போட முனைந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. மக்கள் கடையை அடைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். லண்டனிலிருந்து கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு கணக்குப் பார்க்கிற ஆள். வெளியாள் போடும் சின்ன வரியைக் கொடுக்க மறுக்கும் மக்கள், தங்கள் ஆட்களே கூடிப் போட்டால் அதைவிடப் பெரிய வரியையும் கொடுப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி தொடங்கியதன் பின்னணி இதுதான். அதாவது இந்தியாவின் முதல் மாநகராட்சி பிறந்ததே வீட்டு வரியை வசூலிப்பதற்காக. சைல்டின் கணக்கு உடனே பலிக்கவில்லை என்பது தனிக் கதை. மாநகராட்சி வந்த பிறகும் மக்கள் எளிதில் பணம் தரவில்லை.

அரியாங்குப்பத்தில் நமக்கு மன்றம் இல்லை என்றால், வீட்டுக்காரருக்கு மிஞ்சியிருக்கும் குரல் ஒன்றே ஒன்று: தன் சீட்டில் பிழை இருந்தால் எழுதிக் கேட்பது. அதற்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பரப்பளவைப் பாருங்கள். நம் ஊரில் இது மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிக்கல். பத்திரத்தில் ஒரு பக்கம் கதாஸ்தர் எண், ரீசர்வே எண் என்று இரண்டு காலத்து எண்கள். அளவோ ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சுக் கணக்கில். வீட்டில் பெரியவரைக் கேட்டால் 'அஞ்சு குழி மனை' என்பார். வரிக் கணக்கு சதுர அடியில் நடக்கும். ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர், அதாவது 10.76 சதுர அடி. நூறு சென்டியார் ஓர் ஆர். புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஆக ஐந்து குழி மனை 2,880 சதுர அடி, ஏறக்குறைய 2 ஆர் 68 சென்டியார். இந்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மனையின் அளவு வேறு, கட்டடத்தின் அளவு வேறு. 2,880 சதுர அடி மனையில் 900 சதுர அடிக்கு வீடு கட்டியிருப்பவரிடம் எந்த எண்ணை வைத்துக் கேட்கிறார்கள் என்பது முக்கியம். திண்ணை, படிக்கட்டு, வண்டி நிறுத்தும் இடம், மாடியில் துணி காயப்போடும் கொட்டகை ஆகியவை கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா? சேர்த்தது சரியா தவறா என்பது அந்தந்த விதியைப் பொறுத்தது. சேர்ந்திருக்கிறது என்பதாவது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது உபயோகம். கடலூர் சாலையை ஒட்டிய வீடுகளில் முன்னறையைக் கடைக்கு விடுவது வழக்கம். கடை வந்ததும் பதிவேட்டில் 'வணிகம்' என்று ஏறிவிடும். கடைக்காரர் காலி செய்து, அந்த அறையில் பாட்டி படுத்துக்கொள்ளத் தொடங்கிப் பல வருஷமான பிறகும் 'வணிகம்' இறங்காது. தானாக இறங்காது, நாம்தான் இறக்கச் சொல்ல வேண்டும். தலைகீழான கேஸும் உண்டு. கீழ்த்தளத்தில் மூன்று கடை, மேலே வீடு, சீட்டில் மட்டும் 'குடியிருப்பு'. அவரிடம் நான் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் என்றைக்காவது மறு அளவீடு வரும்போது பழைய பாக்கியோடு சேர்ந்து வரும் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது கூரை. ஓட்டு வீடு, கூரை வீடு, தளம் போட்ட வீடு என்று பிரித்து வரி போடும் பழக்கம் தமிழ்ப் பகுதிகள் எங்கும் உள்ளது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடந்த பிறகு இந்தக் கடற்கரையில் எத்தனை ஓடும் கீற்றும் தளமாக மாறின என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வீடு மாறிய வேகத்தில் பதிவேடு மாறியிருக்காது.

பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதில்தான் குழப்பம் அதிகம். வரிச்சீட்டு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இறந்து பல காலம் ஆகியிருக்கும். மூன்று மகன்கள், அவர்களுக்குள் வாய்வழிப் பாகம். ஒரே வரிவிதிப்பு எண்; ஒருவர் கட்டுவார், மற்ற இருவர் 'அண்ணன் பார்த்துக்குவாரு' என்று இருப்பார்கள். பிறகு ஒருநாள் அண்ணன் சொல்வார்: "வரி நான்தான் கட்டுறேன், வீடு என்னுது." இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை நம் ஊரில் இல்லை. வரி ரசீதும் பதிவேட்டில் பெயர் மாற்றமும் உரிமையைக் கொடுக்காது, எடுக்கவும் எடுக்காது. சவர்ணி எதிர் இந்தர் கவுர் என்ற 1996ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலப் பதிவேட்டுப் பெயர் மாற்றத்தைப் பற்றி இதைத் தெளிவாகச் சொன்னது. அதன் பிறகும் பல தடவை சொல்லியிருக்கிறது. புறம்போக்கில் வீடு கட்டியவர்கள் 'வரி ரசீது இருக்கு, பட்டா வந்துடும்' என்று நம்புவதும் இதே வகை. ரசீது நீங்கள் அங்கே குடியிருப்பதைக் காட்டும். கரண்ட் இணைப்புக்கும் முகவரிச் சான்றுக்கும் உதவும். அதற்கு மேல் அதை நம்பி வீட்டை விற்கவோ வாங்கவோ போகாதீர்கள்.

ஆகவே அண்ணன் தம்பிகள் பாகப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு வரிவிதிப்பைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பட்டா மாறுதல் ஓர் அலுவலகம், வரிப் பெயர் மாற்றம் வேறோர் அலுவலகம். ஒன்று மாறினால் மற்றது தானாக மாறும் என்று காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இனித் தொகை எப்படி வருகிறது என்பது. இந்தியாவில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன வரும் என்று மதிப்பிடுவது பழைய வழி. வீட்டின் சந்தை மதிப்பை அடிப்படையாகக் கொள்வது மும்பை 2010 முதல் பின்பற்றும் வழி. சதுர அடிக்கு இன்ன தொகை என்று பகுதி, கட்டுமானம், உபயோகம் பார்த்து அலகு வைப்பது டெல்லியும் பெங்களூரும் எடுத்துக்கொண்ட வழி. பரப்பளவை மட்டுமே பார்த்து எல்லா வீட்டுக்கும் ஒரே விகிதம் என்று கேரளம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊர் எது, கட்டடம் எப்படிப்பட்டது என்பதையெல்லாம் பார்க்காத வரி சமத்துவத்துக்கு விரோதம் என்று 1968இல் ஹாஜி குட்டி நஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. கடலூர் சாலை முகப்புக் கட்டடத்துக்கும் வீராம்பட்டினத்துச் சந்து வீட்டுக்கும் ஒரே அளவு என்பதற்காக ஒரே வரி என்றால் நீங்கள் எதிர்த்துக் கேட்கலாம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

வாடகை மதிப்பு முறை எப்படி நடக்கும் என்பதற்குச் சென்னை மாநகராட்சி நெடுங்காலம் கையாண்ட கணக்கைக் காட்டுகிறேன். நம் கணக்கு அது அல்ல, படிக்கும் பழக்கத்துக்காக. 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு மாத மதிப்பு 2 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 2,000. பன்னிரண்டால் பெருக்காமல் 10.92ஆல் பெருக்குவார்கள், குறைகிற பங்கு பராமரிப்புக்கான கழிவு. ஆண்டு மதிப்பு 21,840 ரூபாய். சொந்தக்காரரே குடியிருந்தால் ஒரு சலுகை, கட்டடம் பழையதானால் தேய்மானம் என்று மேலும் கழியும். மிஞ்சுகிற மதிப்பின் மேல்தான் வரி விகிதம். இப்போது அளவெடுத்தவர் 1,000க்குப் பதில் 1,200 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஆண்டு மதிப்பு 26,208 ஆகிவிடும். விகிதத்தைப் பற்றி ஊரே கூடிப் போராடினாலும் இந்த 4,368 ரூபாய் மதிப்பு குறையாது. அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்த முறை வேறொரு வழியில் பழக்கம். பிரான்சில் குடியிருக்கும் குடும்பம் இல்லாத தெரு இங்கே குறைவு. அங்கே சொந்த வீடு வாங்கியவர் ஆண்டுதோறும் 'தாக்ஸ் ஃபோன்சியேர்' கட்டுகிறார். அதன் அடிப்படையும் கற்பனை வாடகைதான். 1970 ஜனவரி 1 அன்றைய வாடகை நிலவரத்தை வைத்துப் போட்ட மதிப்பையே ஆண்டுதோறும் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். அதில் பாதியைச் செலவுக்கென்று கழித்துவிட்டு மீதிக்கு வரி. குடியிருப்பவர் கட்டிவந்த மற்றொரு வரியை முதன்மை வீடுகளுக்கு 2023இல் அடியோடு எடுத்துவிட்டார்கள், சொந்தக்காரர் வரி மட்டும் நிற்கிறது. அங்கே சீட்டு வந்தால் ஒருநாள் தவறாமல் கட்டுகிற அதே மனிதர், இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டின் சீட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பில் கலெக்டர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். சீட்டு கேட்டில் செருகப்பட்டு மழையில் நனையும். அப்படிப்பட்டவர்கள் இங்குள்ள நம்பகமான உறவினர் ஒருவரின் முகவரியைக் கடிதப் போக்குவரத்துக்கென்று எழுத்தில் கொடுத்துவைக்க வேண்டும். ரசீது இல்லாமல் யாரிடமும் ரொக்கம் தரக்கூடாது. 'நானே கட்டிடறேன் சார், குடுங்க' என்கிற தரகர்கள் எல்லா அலுவலக வாசலிலும் இருக்கிறார்கள்.

பாக்கி விஷயமும் இதோடு சேர்ந்தது. வீட்டு வரி பாக்கி மனிதரைவிட வீட்டை அதிகம் பிடிக்கும். விற்றவர் பிரான்சுக்கு விமானம் ஏறிவிடுவார். வாங்கியவர் பெயர் மாற்றத்துக்குப் போய் நின்றால் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வரச் சொல்வார்கள். வில்லங்கச் சான்றில் இந்தப் பாக்கி தெரியாது. அதனால் பதிவுக்கு முன்பே நடப்பு ஆண்டு ரசீதைக் கையில் வாங்குங்கள். பாக்கி இருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் ஒவ்வொரு அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் முழு ஆண்டு வரியை ஜனவரிக்குள் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. இங்கே அப்படி ஏதாவது நடப்பில் இருக்கிறதா என்று ஏப்ரலில் போய்க் கேளுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் கூட்டத்தில் நின்று கேட்காதீர்கள்.

வாடகைக்கு விட்டவர்களுக்கு ஒரு வருமான வரிச் செய்தி. வாடகை வருமானத்திலிருந்து வீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த ஆண்டில் உண்மையாகவே கட்டியிருக்க வேண்டும், கட்டியவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும். மாதம் 10,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 1,20,000. வரி 3,000 கட்டியிருந்தால் 1,17,000. அதில் 30 சதவீதம், அதாவது 35,100 பராமரிப்புக்கென்று கழியும். மிச்சம் 81,900தான் வருமானமாகச் சேரும். வாடகைக்காரரையே வரி கட்டச் சொல்லி ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்த 3,000 கழியாது. நாலு காசு மிச்சம் என்று நினைத்துச் செய்கிற காரியம். தானே குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவினால் பயன் இல்லை.

வரி ஏறுவதைப் பற்றிக் கேட்பீர்கள். சென்னையில் 1998க்குப் பிறகு இருபது ஆண்டுகள் பொதுச் சீராய்வு நடக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டு நிறுத்தினார்கள், 2022இல் மறுபடி ஏற்றினார்கள். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருந்தால் 50 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 150 சதவீதம். மற்ற ஊர்களில் 25இல் தொடங்கி 100 வரை. தேர்தலுக்குப் பயந்து பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்து ஒரே நாளில் ஏற்றுவதைவிட, ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவதே வீட்டுக்காரருக்கு நல்லது என்பது என் கட்சி. இதற்கு இந்த அவையில் கைத்தட்டல் கிடைக்காது என்று தெரியும். ஆனால் 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி வாய்க்கால் தூர்வாரவில்லை என்று நாம் கேட்டது கொம்யூன் ஆபீசைத்தான். அந்த ஆபீசுக்கென்று சொந்தமாக இருக்கும் சில வரவுகளில் வீட்டு வரி முதன்மையானது. மீதிக்கு அது அரசின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கிறது. வரி கட்டியவன் வாய்க்காலைப் பற்றிக் கேட்கும்போது அந்தக் கேள்விக்கு இருக்கிற கனம் வேறு. கேட்பதற்கு வார்டு உறுப்பினர் இல்லை என்பதுதான் நம் குறை. தேர்தல் வேண்டும் என்று கேட்கும் மனுவில் வீட்டு வரி கட்டுகிறவர்கள் தங்கள் வரிவிதிப்பு எண்ணோடு கையெழுத்திட வேண்டும் என்று நான் பல இடங்களில் சொல்லி வருகிறேன்.

அதுவரை செய்யக்கூடியது இது. சீட்டில் பிழை கண்டால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆணையர் பெயருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: வரிவிதிப்பு எண், சீட்டில் உள்ள அளவு, உண்மை அளவு, இணைத்துள்ள வரைபடம், நேரில் வந்து அளக்க வேண்டும் என்ற கோரிக்கை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அறிவிப்பில் ஆட்சேபத்துக்குக் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் வரியை ஏற்றியிருந்தால், அறிவிப்புத் தராமல் ஏற்றியது செல்லாது என்ற வாதம் சென்னை உயர் நீதிமன்றம் வரை நிற்கும். நம் பகுதிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். மனு நிலுவையில் இருக்கும்போது பழைய தொகையையாவது கட்டிவிடுங்கள். எதுவும் கட்டாமல் சண்டை போடுகிறவரின் மனுவை முதலில் யாரும் படிப்பதில்லை.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். மூன்றே கேள்வி கேளுங்கள்: என் வீட்டுக்கான வரி மதிப்பீட்டுப் பதிவின் நகல், கடைசியாக எந்த ஆண்டில் யார் அளந்தார்கள், எந்த விதியின்படி இந்த விகிதம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதையும் இந்த ஆண்டுச் சீட்டையும் ஒரே கோப்பில் வையுங்கள். இப்போது கேள்வி நேரம். சீட்டு கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.